முதுகுக்குக் கீழே ஒரு கை

“கைய எடுத்திராதீங்க டீச்சர்” என்றாள் ஸல்ஹா. பஸ்மியா கையை எடுத்து ஒரு நிமிடத்துக்கு மேலாகியிருந்தது.

நிலாவெளிக் கடற்கரையில் செவ்வாய்தோறும் பின்னேரத்தில் பெண்களுக்கு நீச்சல் பழக்குபவள் பஸ்மியா. இடுப்பளவு தண்ணீர், அதைச் சுற்றிச் செம்மஞ்சள் மிதவைகள் கட்டிய கயிறு, கயிற்றுக்கு அப்பால் ஜெட் ஸ்கீகளின் இரைச்சலும் காற்றோடு வரும் பெற்றோல் மணமும். கயிற்றுக்குள் எவருக்கும் எதுவும் நடந்ததில்லை. அன்றைக்கு வந்தவர்கள் இரண்டே பேர்: கிண்ணியாவில் தையல்கடை வைத்திருக்கும் ஸல்ஹா, சாம்பல்தீவிலிருந்து வரும் தாதி ஜெயரூபி.

பஸ்மியா இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள். “நான் எப்பவோ எடுத்திட்டன். நீங்க தனியாத்தான் மிதக்கிறீங்க.”

மல்லாந்து கிடந்த ஸல்ஹா அந்தக் கைகளைப் பார்த்தாள். “அப்ப கீழ இரிக்கிறது?”

நீரோட்டமாயிருக்கும் என்று நினைத்து, பஸ்மியா அவளை எழுப்பி நிறுத்தினாள். முதுகில் தட்டினாள். பிறகு கிள்ளினாள்.

“நோகுதா?”

“எங்க தொடுறீங்க?”

“குளிருக்கு விறைச்சிருக்கும்” என்று சிரித்துக்கொண்டே ஜெயரூபியும் மல்லாந்து படுத்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. “ஓம் டீச்சர். இருக்குது. விரலெல்லாம் தெரியுது.”

தூரத்தில் ஜெட் ஸ்கீ ஒன்றின் இரைச்சல் நின்றது. வெயில் அடிவரை இறங்கியிருந்த தண்ணீரில், அலை வரிவரியாகக் கோடிழுத்த மணலில், ஜெயரூபியின் நிழல் மட்டும் ஆடிக்கொண்டு கிடந்தது. வேறெதுவும் இல்லை. பஸ்மியா அவளுடைய முதுகுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள்.

பஸ்மியாவின் விரல்களுக்கிடையே விரல்கள் வந்து கோத்துக்கொண்டன.

வெடுக்கென்று இழுத்தாள். கை வந்தது. ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே உணர்வில்லை. விரல்களைப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

“கரைக்குப் போங்க, ரெண்டு பேரும்!” கத்த நினைத்தாள். சாதாரணக் குரலே வந்தது.

ஸல்ஹா மறுபடியும் மல்லாந்திருந்தாள். “பயமே இல்ல டீச்சர்.”

அலை கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர்கள் இருவரும் அலைக்கு எதிராகப் போனார்கள். கால்கள் அசையவில்லை. மிதவைக் கயிறு அவர்களின் முகத்தை உரசிக்கொண்டு கடந்தது. இருவரும் கண் சிமிட்டவில்லை.

பஸ்மியாவின் கழுத்தில் விசில் தொங்கியது. கை எழவில்லை. விறைப்பு தோளுக்கு வந்தது. பிறகு நெஞ்சுக்கு. அங்கே பயம் இருந்தது. அதுவும் போயிற்று.

கயிற்றுக்கு அப்பால் படகில் போன வெள்ளைக்காரர்கள், மிதந்து வரும் பெண்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஸல்ஹாவும் ஜெயரூபியும் இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தார்கள்.

பஸ்மியாவின் பாதங்களை விட்டு மணல் விலகியது. வானம் முகத்துக்கு நேரே வந்தது. முதுகுக்குக் கீழே ஐந்து விரல்கள், ஒவ்வொன்றாக, விரிந்தன.