இடைவேளையில் மாட்டிய காசு மாலை

"ஐயோ... காசு மாலை!"

சரசுவின் அலறலில், வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியோடு ஆடினான்.

வேங்கிக்கால். 1999, வைகாசிப் பௌர்ணமி. மாலை ஐந்தரை மணி. விடிந்தால் சரசுவின் ஒரே மகள் பொன்னிக்குக் கல்யாணம்!

பீரோ திறந்து கிடந்தது. பட்டுப்புடவை இருந்தது. வளையல்கள் இருந்தன. பத்து பவுன் காசு மாலை மட்டும்... இல்லை!

பதினைந்தே நிமிடத்தில் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் வினோதினி குதித்து இறங்கினாள். பின்னாலேயே, மூச்சு வாங்க, கான்ஸ்டபிள் ராமதாஸ்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ரெண்டு மணிக்கு மேடம். என் கையால வெச்சுப் பூட்டினேன். நானும் பொண்ணும் பியூட்டி பார்லர் போயிட்டு இப்பதான் வர்றோம்."

"சாவி?"

"பூஜை ரூம்ல, சாமி படத்துக்குப் பின்னாடி."

சரசுவின் கணவர் கோதண்டராமன் தொண்டையைக் கனைத்தார். கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டெண்ட். வீட்டிலும் அதே உத்தியோகம்தான்.

"சாவி அங்க இருக்குதுன்னு எங்களைத் தவிர ஒருத்தனுக்குத்தான் தெரியும் மேடம். மாப்பிள்ளைக்கு!"

"அப்பா!" பொன்னி சீறினாள்.

"சும்மா இரு. காலையில ஜாக்கெட் பார்சலை பீரோல வெச்சது அவன்தானே? திருடனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். கல்யாணம் நின்னுது!"

சரியாக அந்த நேரம் பார்த்து கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான் மாப்பிள்ளை.

மாறன். தோள் வரை முடி. மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவன். இவனுக்காகப் பொன்னி ஆறு நாள் சாப்பிடாமல் கிடந்துதான் அப்பாவின் சம்மதத்தை வாங்கியிருந்தாள்.

வினோதினி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு மணிலேர்ந்து எங்க இருந்த?"

"சினிமால மேடம். மேட்னி ஷோ. 'ஓட்டை டிரம்ஸ்'."

"கல்யாணத்துக்கு முந்தின நாளா?"

"எங்க பொழப்பைப் பத்தின படம் மேடம். சோத்துக்கு இல்லாத ராக் பேண்ட் பசங்க. காமெடி. நாளையிலேர்ந்து தனியா போக முடியாதுல்ல!"

"டிக்கெட் எங்க?"

"அங்கயே கிழிச்சுப் போட்டுட்டேன்..."

"பொய்!" கோதண்டராமன் துள்ளினார். "நானும் அதே மேட்னி ஷோலதான் இருந்தேன். பால்கனி, ரெண்டாவது வரிசை. இவன் வரவே இல்ல!"

வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளையும் ஒரே படத்துக்குத் தனித்தனியாகவா!

"சரி... ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வி. இடைவேளை எந்த சீன்ல விட்டாங்க?"

"சென்னைல நடக்கற போட்டில கப்பு ஜெயிச்சதும்," என்றான் மாறன். "இடைவேளைக்கு அப்புறம்தான் லாட்ஜ்ல பட்டினி கிடக்கறாங்க."

கோதண்டராமன் கைகொட்டிச் சிரித்தார்.

"மாட்னான் பாருங்க! டிரம்ஸ் அடிக்கறவன் பொண்டாட்டியோட குக்கரை அடகு வெக்கறான். அவ வெறும் அடுப்பைப் பாத்துட்டு நிக்கறா. அங்கதான் இடைவேளை! ஜெயிச்சப்புறம் எவனாவது பட்டினி கிடப்பானா?"

நியாயமாகத்தான் பட்டது.

"ஜீப்ல ஏறு," என்றாள் வினோதினி.

மாறன் முகம் வெளுத்தது. பொன்னி ஓடிவந்து ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்... படம் பாத்தவங்க வேற யாருமே இல்லையா இந்த ஊர்ல? ஒரு தடவை கேளுங்க. இல்லன்னா என்னையும் சேத்துப் புடிச்சிட்டுப் போங்க!"

அந்தக் கண்ணீர் நடிப்பில்லை. வினோதினி ஒரு வினாடி யோசித்தாள்.

"எல்லாரும் ஏறுங்க. தியேட்டருக்குப் போலாம்!"

கிரிவலக் கூட்டத்தில் ஜீப் நீந்தித்தான் போனது. தியேட்டர் எதிரே டீக்கடை. மேட்னி பார்த்தவர்கள் பலர் இன்னும் கலையாமல் படத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படம் எப்படி?" வினோதினி பொதுவாகக் கேட்டாள்.

ஆட்டோ டிரைவர் காசி முந்திக்கொண்டார்.

"சூப்பர் மேடம்! எடுத்த எடுப்புல கப்பு. அப்புறம் பாத்தா சோத்துக்கே லாட்டரி! ஜெயிச்சவன் ஆடக்கூடாதுன்னு டைரக்டர் பொளேர்னு அறையறாரு!"

"அதெல்லாம் இல்ல," என்றான் கண்ணாடி போட்ட கல்லூரி மாணவன். "கதையைப் பின்னாலேர்ந்து சொல்றாங்க. இங்கிலீஷ் படம் தோத்துடும்!"

"இன்னா இங்கிலீஷு?" பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ராஜம்மாள் சீறினாள். "நடுவுல 'வணக்கம்'னு போட்டான். முடிஞ்சிடுச்சுன்னு செருப்பை மாட்டிட்டேன். கடைசியில 'இடைவேளை'ன்னு போட்டுக் கதவைத் தொறந்து விட்டுட்டான். மீதிப் படம் எப்ப போடுவான்னு இங்கயே குந்திக்கினு இருக்கேன்!"

வினோதினியின் புருவம் உயர்ந்தது.

இரண்டே நிமிடத்தில் ஆபரேட்டர் வளவனைத் தள்ளிக்கொண்டு வந்தார் ராமதாஸ்.

"முதலாளிகிட்ட சொல்லாதீங்க மேடம்... ரெண்டு ஊருக்கும் ஒரே பிரிண்டு. கீழ்பென்னாத்தூர்ல ஓட்டிட்டு இங்க அனுப்புவாங்க. முதல் பாதி வந்த வேன் பௌர்ணமிக் கூட்டத்துல மாட்டிக்கிச்சு. ரெண்டாவது பாதி மொபெட்ல சந்து பொந்தெல்லாம் பூந்து முன்னாடியே வந்துடுச்சு. ஜனங்க சீட்டைக் கிழிக்க ஆரம்பிச்சாங்க... வந்ததைப் போட்டுட்டேன்!"

"தலைகீழா?"

"யாருமே கண்டுபுடிக்கல மேடம். கை தட்டினாங்க!"

வினோதினி மெல்லத் திரும்பினாள்.

"ராமதாஸ், திருடன் ஜீப்லதான் இருக்கான்."

"நான் அப்பவே சொல்லல?" கோதண்டராமன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சொன்னீங்க சார். குக்கரை அடகு வெச்சதும் இடைவேளைன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்கு மேட்னி பாத்த அத்தனை பேருக்கும் கப்பு ஜெயிச்சதும் இடைவேளை. உங்களுக்கு மட்டும் எப்படி சார் படம் நேரா ஓடுச்சு?"

கோதண்டராமன் வேட்டி மேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பையைத் திறந்தார். காசு மாலை சரசரவென்று அவர் மடியில் விழுந்தது!

"அப்பா... நீயா?" பொன்னியின் குரல் உடைந்தது.

"நேத்தே கீழ்பென்னாத்தூர்ல பாத்துட்டேம்மா. குக்கரைத் தூக்கிட்டுப் போனப்ப தியேட்டரே சிரிச்சுது. எனக்கு மட்டும் அந்த அடுப்பு முன்னாடி நின்னது நீயாத்தான் தெரிஞ்சுது. உட்கார முடியல. பாதியில எழுந்து வந்துட்டேன்."

"அதுக்காக அவர் மேல திருட்டுப் பட்டமா?"

"வேற எப்படி நிறுத்தறதுன்னு தெரியலம்மா..."

மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். பொன்னிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் தோளில் ஒரு குத்து விட்டு, அங்கேயே சாய்ந்துகொண்டாள்.

மாறன் மெல்ல அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, அவ்ளோ பயமா இருந்தா சீர்வரிசையில குக்கர் வெக்காதீங்க. அடகு வெக்க ஒண்ணும் இருக்காது!"

அழுகைக்கு நடுவே பொன்னி பக்கென்று சிரித்தாள். கோதண்டராமனும் சிரித்துத் தொலைத்தார்.

ராமதாஸ் மட்டும் விறைப்பாக நின்றார்.

"மேடம், பொய் கேஸ் குடுத்திருக்காரு. உள்ள வெச்சுடலாமா?"

வினோதினி ஜீப்பை ஸ்டார்ட் செய்தாள்.

"காலையில ஆறு மணிக்கு முகூர்த்தம்யா! இவரை உள்ள வெச்சுட்டா, பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்க... சொம்பை நீ தூக்குவியா?"