குணப்படுத்தினாராம்

மங்கையர்க்கரசி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவள் இரத்தத்தில் ஓடும் நுண்வைத்தியர்கள் காதுக்குள் வழக்கமான செய்தியைச் சொன்னார்கள்: "இரவு கல்லீரலில் ஒரு புற்றணு முளைத்தது. எடுத்துப் போட்டுவிட்டோம்." அவள் "சரி" என்று வாயைக் கொப்பளித்தாள். செவ்வாய்க் குடியிருப்பில் இதற்கெல்லாம் யாரும் மெனக்கெட்டு நன்றி சொல்வதில்லை.

அவள் கவலை வேறு. கேட்டதற்கெல்லாம் காதுக்குள் பதில் சொல்லும் அறிவுக்களஞ்சியமான 'முழுநூல்' அன்று மாலை வியாழனுக்குப் போகும் கப்பலில் ஏறுகிறது. அதுவரை யாரும் திருத்தலாம்; ஏறிவிட்டால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதில் 'மாற்று மருத்துவம்' என்ற தலைப்பின் கீழ் அவள் அப்பா இருந்தார்: "விருதுநகர் டாக்டர் குலசேகரன், மாத்திரை கொடுத்தே டைபாய்டைக் குணப்படுத்தினாராம்."

அந்த 'ஆம்' அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. எம்.பி.பி.எஸ். படித்த மனிதரைப் போய் 'ஆம்' போட்டுச் சந்தேகிப்பதா? அவள் அழிக்க அழிக்க, முழுநூலின் இயந்திரத் தொகுப்பாளரான நடுவன் அதைத் திரும்ப ஒட்டிக்கொண்டே இருந்தது.

நூறு வயதைத் தாண்டியும், கண்ணை மூடினால் அந்தக் கிளினிக் வந்துவிடும். ஸ்பிரிட் வாசனை. நெஞ்சில் சில்லென்று படும் ஸ்டெதஸ்கோப். எழுந்து போகும்போது எல்லாரும் தவறாமல் கேட்கும் கேள்வி: "சோறு சாப்பிடலாமா டாக்டர்?" "ரசஞ்சோறு சாப்பிடுங்க" என்பார் அப்பா. அதிலேயே வந்தவர் முகம் தெளிந்துவிடும். இங்கே நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை இல்லை. அப்பாவை நினைத்து அவளுக்கு அழுகை முட்டியது.

"மகளின் பாசம் சான்றாகாது," என்றது நடுவன். "விழுங்கிய மாத்திரை நோயைத் தேடிப் போகும் என்பது பழங்கால நம்பிக்கை. குணமானதைக் கண்ணால் பார்த்தவர் உண்டா?"

பக்கத்து அறை அற்புதம் எட்டிப் பார்த்தாள். அவளும் விருதுநகர்க்காரி. அங்கே சித்த வைத்தியம் பார்த்த ஞானமுத்துவின் மகள்.

"என்னக்கா, மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு?"

விஷயத்தைக் கேட்டதும் அற்புதம் சிரித்தாள். "இம்புட்டுத்தானா? எங்கப்பாவுக்கு டைபாய்டு வந்தப்ப அவரு கஷாயம் அவருக்கே கேக்கல. உங்கப்பாகிட்டதான் தூக்கிட்டு ஓடுனோம். ஒரே வாரத்துல எந்திரிச்சு உக்காந்துட்டாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சத்தியம் வாங்கியிருந்தாரு. உங்களுக்காகச் சொல்றேங்க்கா."

"போட்டி வைத்தியரின் மகளே சொல்வதால் ஏற்கிறேன்," என்றது நடுவன். 'ஆம்' உதிர்ந்தது. குணப்படுத்தினார்!

மங்கையர்க்கரசி அற்புதத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ என் கூடப் பொறந்தவடி!" இருவரும் விருதுநகர் பரோட்டாவைப் பற்றி வெகுநேரம் பேசி ஏங்கினார்கள். பிறகு அற்புதம் தன் அறைக்குப் போனாள்.

கப்பல் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. அப்பாவின் வரியை ஆசை தீரப் படித்தவள், அடுத்த வரிக்கு வந்தாள்: "விருதுநகர் ஞானமுத்து வைத்தியர், தைலம் தடவியே மூட்டுவலியைக் குணப்படுத்தினார்." எப்படியோ நடுவனின் கண்ணில் படாமல் தப்பிய வரி.

அவளுக்குச் சுருக்கென்றது. எம்.பி.பி.எஸ். படித்தவரும் எண்ணெய் தடவியவரும் ஒன்றா? வியாழனில் பிறக்கப்போகும் பிள்ளைகள் எதை நம்பி வளரும்? கை தானாகப் போய் 'ஆம்' சேர்த்தது.

"சான்று?" என்றது நடுவன்.

"தனக்கு நோய் வந்தப்ப அவரே மாத்திரைக்குத்தான் ஓடுனாரு. அவரு மகளே சொல்லியிருக்கா."

நடுவன் ஏற்றுக்கொண்டது. விருப்பு வெறுப்பற்ற முழுநூல் வியாழனுக்குக் கிளம்பியது.