அடித்தது ஒரு கை

கணவனை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் காலை அந்தப் பெண் வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியிலிருந்த துணிப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தன் ஒத்துக்கிட்டான். கோவத்துல அடிச்சுட்டேங்கிறான். அத்தோட கேஸ் முடிஞ்சுதாம். எனக்கு மனசு ஆறலை சார்."

கேட்டுக்கொண்டிருந்தவர் முன்பு குற்றப்பிரிவில் இருந்தவர். எதற்கும் பதறாதவர் என்பதால் ஊரில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர். பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. வக்கீல் குமாஸ்தா வேலையை உதறிவிட்டு அத்தானோடு ஒட்டிக்கொண்டவர். அத்தானுக்கு நேர்மாறான அவசரக்காரர்.

அவள் சொன்னது இதுதான். அவள் கணவர் மரம் அறுக்கும் மில்லில் மேஸ்திரி. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தொழிலாளியின் நான்கு விரல்களை ரம்பம் கொண்டுபோனது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று ரம்பத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றியவன் ரம்பக்காரன். ஆனால் விசாரணையில் அவனும், லோடுமேனும், வாட்ச்மேனும் ஒரே குரலில், அடிபட்டவனே மூடியைக் கழற்றினான் என்று சாதித்துவிட்டார்கள்.

"இவரும் அப்ப பேசாம இருந்துட்டார். அதுவே அவரை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. போன வாரம் ஒரு நாள் காலையில, நாளைக்கு அதிகாரிகிட்ட உண்மையைச் சொல்லப் போறேன்னு அவங்க மூணு பேர்கிட்டயுமே சொல்லியிருக்கார். அன்னிக்கு மத்தியானம் ஒண்ணே காலுக்கு, அவர் ரூம்லயே, லோடுமேன் கடப்பாரையால..."

முடிக்க முடியவில்லை. நிதானம் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தினமும் ஒரு மணிக்கு நான்தான் சாப்பாடு கொண்டு போவேன். அங்கயே ரெண்டு பேரும் சாப்பிடுவோம். அன்னிக்குன்னு பன்னெண்டு மணிக்கு வாட்ச்மேன் போன் பண்ணான். அவர் வெளிய சாப்பிடப் போறாராம், வர வேணாமாம். நான் போயிருந்தா அவர் இருந்திருப்பார் சார்."

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் படங்களை மேசைமேல் பரப்பினார். ஒன்றே முக்காலுக்கு எடுத்தவை.

"அடிச்ச கை ஒண்ணு. ரம்பக்காரன் மரம் அறுத்துக்கிட்டு இருந்தானாம், சத்தமே கேக்கலையாம். வாட்ச்மேன் கேட்டைத் தாண்டலை. பக்கத்துல இருந்தாங்கங்கிறதுக்காக உள்ள தள்ள முடியுமா? முன்னாடியே மூணு பேரும் ஒரே மனசா இருந்தாங்கன்னு காட்டணும். மனசை எந்தப் பையில போட்டு நான் கோர்ட்டுக்குக் கொண்டு போறது?"

மேஸ்திரியின் அறைப் படத்தில் மேசைமேல் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் தண்ணீர் ஊற்றிய இரண்டு டம்ளர்கள். ரம்பத்தின் படத்தில், சட்டத்தில் ஏற்றிய மரம் பட்டை உரியாமல் முழுசாகக் கிடந்தது. கீழே தரை பளிச்சென்றிருந்தது.

மில்லில் பெருக்கும் அம்மாளைத் தேடிப் போனார்கள். "பன்னெண்டரைக்கு ரம்பத்தை நிறுத்தினதும் தூளை அள்ளிட்டுப் பெருக்கினேன். ஒண்ணேகாலுக்கு மறுபடி மிஷின் ஓடுச்சு. சாப்பாட்டு நேரத்துல என்ன வேலைன்னு நெனைச்சேன். அதுக்கப்புறம் போலீஸ் வந்தாச்சு, யார் பெருக்கினா?"

வெளியே வந்ததும் மச்சினன் துள்ளினார். "அத்தான், ரம்பக்காரன் மாட்டினான்!"

"பொறு. பொய் சொன்னான்கிறது மட்டும்தான் தெரியுது. கொலைக்கு அது போதாது."

மறுநாள் மாலை மேஸ்திரியின் அறையில் எல்லோரும் கூடினார்கள். லோடுமேனைக் கைவிலங்கோடு கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பெண் ஜன்னலோரம் நின்றாள்.

நிதானம் ரம்பக்காரனைப் பார்த்தார். "நீங்க அறுத்த மரத்தோட தூள் எங்கே?"

"காத்துல பறந்திருக்கும்."

"மரத்துல ஒரு கீறல்கூட இல்லை. ரம்பம் சும்மா ஓடியிருக்கு. மரம் அறுக்க ஓட்டலைன்னா, சத்தத்துக்காகத்தான் ஓட்டியிருக்கணும். ஒருத்தர் அலறப் போறார்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்தச் சத்தம் தேவை."

லோடுமேன் குறுக்கே புகுந்தான். "அவருக்கும் எனக்கும்தான் சார் தகராறு. திடீர்னு கோவம் வந்துச்சு, அடிச்சேன். இவங்களுக்குச் சம்பந்தமில்லை."

"ஒண்ணேகாலுக்கு வந்த கோவத்துக்குப் பன்னெண்டு மணிக்கே போன் போயிருக்கே?" நிதானம் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "மேஸ்திரியா போன் பண்ணச் சொன்னார்?"

"ஆமா சார். வெளிய சாப்பிடப் போறேன்னார்."

"வெளியே சாப்பிடப் போறவர் பேப்பரை விரிச்சு, ரெண்டு டம்ளர்ல தண்ணி ஊத்தி வைப்பாரா? சம்சாரம் வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கார். போன் போனதே அவருக்குத் தெரியாது."

வாட்ச்மேன் நிதானத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் நின்றவளைப் பார்த்தான்.

"அக்கா, சத்தியமா நான் அவர் மேல கை வைக்கலை. நீங்க வந்து அதைப் பாக்கக் கூடாதேன்னுதான் போன் பண்ணேன்."

"எதை?" என்றார் நிதானம், குரலை உயர்த்தாமல்.

வாட்ச்மேன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். மச்சினன் அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"பன்னெண்டு மணிக்கு இந்த ரூம்ல பாக்கக் கூடாதது ஒண்ணுமே நடக்கலை, தம்பி. ஒருத்தன் அடிக்க, ஒருத்தன் சத்தத்தை மறைக்க, ஒருத்தன் சாட்சியை வர விடாம தடுக்க. ஒருத்தன் செய்யப் போறது மத்தவனுக்குத் தெரியலைன்னா இதுல எதுக்கும் அர்த்தமே இல்லை." பிறகு நிதானம் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "நீங்க வராததுதாம்மா இவங்க போட்ட திட்டம். அது உங்க தப்பில்லை."

அவள் வாட்ச்மேனுக்கு எதிரே வந்து நின்றாள். "என் மேல அவ்வளவு இரக்கப்பட்டியே. அவரைக் காப்பாத்த உனக்கு ஒரு மணி நேரம் இருந்துச்சேடா."

கொலை நடந்த அன்று காலையில் ஷெட்டுக்குப் பின்னால் மூவரும் கூடிப் பேசியதை முதலில் சொன்னவன் அவன்தான். பிடிபட்டால் ஒருவனே ஏற்றுக்கொள்வது, கோபம் என்றால் தண்டனை குறையும் என்று முடிவு செய்ததையும் சொன்னான். மற்ற இருவரும் மறுக்கவில்லை.

மூன்று பேர்மீதும் ஒரே கொலைக் குற்றம் பதிவானது. மூடியைக் கழற்றியது யார் என்ற விசாரணையும் மறுபடி திறந்தது. வழக்கின் முதல் நாள், விரல்களை இழந்த தொழிலாளி நீதிமன்றத் தாழ்வாரத்துக்கு வந்து, அவளுக்குச் சற்றுத் தள்ளி நின்றான். அவள் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருப்பா," என்றாள். "கூப்பிட நேரமாகும்."