தரிசு மானியம்

காலையில் எழுந்ததும் எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற முதல் வேலை, நிலத்தில் ஏதாவது முளைத்துத் தொலைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஒரு அருகம்புல் தலைகாட்டினாலும் பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறியதும் வான்கண் விழித்துவிடும். அந்தச் செயற்கைக்கோள் பொழுது சாயும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அதன் சென்சாருக்குப் பச்சை தெரிந்தால், அந்த நிலத்துக்காரருக்குத் தரிசு மானியம் நின்றுவிடும்.

ஆமாம், பயிர் செய்யாமல் இருப்பதற்குத்தான் காசு. நிலத்தடி நீர் ஊறட்டும், சோறு நகரத்து அடுக்குப் பண்ணைகளில் விளையட்டும், நீங்கள் சும்மா இருங்கள் என்றது அரசாங்கம். நாங்களும் இருந்தோம். மாதம் பிறந்தால் பணம் வரும். அதில் நகரத்து அரிசியை வாங்கித் தின்றுவிட்டுப் புல் பிடுங்கப் போவோம். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுவதை மட்டும் விடவில்லை. இருட்டறையில் சட்டிக்குள் வளர்கிற பயறு வான்கண்ணுக்குத் தெரியாது. ஊர்வலம் முடிந்ததும் கண்மாயில் கரைத்துவிடுவோம். இந்த வருடம் தண்ணீர் ஆவியாகாமலிருக்கக் கண்மாய் முழுவதையும் தகடு போட்டு மூடிவிட்டார்கள். நானும் என் ஓரகத்தி கோட்டையம்மாளும் முளைப்பாரிச் சட்டிகளோடு திருதிருவென்று முழித்தோம். கடைசியில் என் நிலத்தின் ஓரத்தில் கொட்டி, குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். மட்கிப் போகும் என்றுதான் நினைத்தோம். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மேகம் மூடியிருந்த நாட்களில் வான்கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தட்டாம்பயறு வேர்விட்டு எழுந்து நின்றது.

அம்மனுக்கு வளர்த்ததைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. பதறிப்போய் மானிய அலுவலர் தேவசகாயத்தைக் கேட்டேன். கெட்டவர் இல்லை.

"பகல்ல தார்ப்பாயப் போட்டு மூடிருங்கக்கா. ராத்திரி எடுத்து விடுங்க. நான் எதையும் பாக்கல," என்றார்.

அப்படியே செய்தேன். சில நாளிலேயே கொடி வெளிறிச் சுருண்டது. விட்டிருந்த இலையும் உதிரத் தொடங்கியது.

கோட்டையம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். "வெயில் படாட்டி செத்துரும்க்கா. வெயில் பட்டா ஒன் மானியம் செத்துரும். என்ன செய்யப் போற?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அரசாங்கத்தின் மேல் கொஞ்சம், என் மேல்தான் அதிகம். என் நிலத்தில் என் பயிரைத் திருட்டுச் சாமான் மாதிரி மூடி வைத்துக் காவல் காக்கிறேன். இதுவும் ஒரு பிழைப்பா?

"அந்தப் பக்கம் பிடிடீ," என்றேன். நல்ல உச்சி வெயிலில் தார்ப்பாயை உருவி எடுத்துச் சுருட்டினோம்.

வீட்டுக்குப் போகும் முன்பே போனில் செய்தி வந்துவிட்டது. தரிசு மானியம் நிறுத்தப்பட்டது. ஆனாலும் தார்ப்பாயைத் திரும்ப விரிக்கவில்லை.

அடுத்ததாகத் தேவசகாயம் அழைத்தார்.

"என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க? இனிமே சோத்துக்கு என்ன செய்வீங்க?"

"அதத்தான் சார் வளக்குறேன்," என்றேன்.