அடைப்புக்குறிக்குள் அலறல்

“கேள்விக்குறி வச்சியா, நிலா?” என்று பார்த்திபன் ஒருமுறை கேட்டிருந்தார். செஞ்சியில் அவள் வேலை செய்யும் கணினி மையத்தின் முதலாளி அவர். தேடி அழிக்கும் கட்டளையில் அந்தக் குறியை விட்டுவிட்டால், முதல் அடைப்புக்குறியில் தொடங்கிக் கடைசி அடைப்புக்குறி வரை கணினி எல்லாவற்றையும் தின்றுவிடும் என்றார்.

இன்று அவர் இல்லை. பெண்கள் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளை எழுத்தாக்கிய கோப்புகள் வந்திருந்தன. ஒவ்வோர் அழைப்பும் ஒரே நீண்ட வரி. பேச்சுக்கு நடுவே (அலறல்), (அடி விழும் சத்தம்), (அழுகை). சத்தங்களை நீக்க வேண்டும். நிலா அடைப்புக்குறி, புள்ளி, நட்சத்திரம், அடைப்புக்குறி என்று தட்டி, எல்லாக் கோப்புகளிலும் ஓடவிட்டாள்.

மின்விசிறி கிறீச்சிட்டது, திருவண்ணாமலை பஸ்ஸின் ஹாரன் கேட்டது, கீழே கறிக்கடையின் ரத்தவாடை வெயிலோடு படியேறி வந்தது. ஆனாலும் அந்த இரைச்சலில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அவள் காது எப்போதும் போலப் பின்தெருவில் இருந்தது. அங்கேதான் அக்கா ரஞ்சனியின் வீடு. மாமா கன்னியப்பன் காலையிலேயே குடித்திருந்தான்.

“நான் கத்துனா மட்டும் ஓடியா,” என்றிருந்தாள் அக்கா. “சும்மா வந்து நீயும் வாங்கிக் கட்டிக்காத.”

கத்தல் கேட்கவில்லை. நிம்மதியாக ஜன்னலுக்கு வந்தாள்.

கீழே ஆட்டின் கழுத்தில் கத்தி இறங்கியது. ஆடு வாயைப் பிளந்தது. நாக்கு துடித்தது. சத்தமே வரவில்லை. கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு அதன் வாயையே பார்த்தார்.

நிலா திரைக்கு ஓடினாள். முதல் அழைப்பில் “ஹலோ” இருந்தது. கடைசியில் “முகவரி சொல்லும்மா” இருந்தது. நடுவில் “கொல்றாரும்மா” இல்லை. “புள்ளைய வுட்ருங்க” இல்லை. அவள் தட்டிய கட்டளையில் கேள்விக்குறியும் இல்லை. பழையபடி ஆக்கும் விசையை அழுத்தினாள். எதுவும் திரும்பவில்லை.

படி. சந்து. அக்கா வீட்டு வாசல் குழாயில் பெண்கள் சிரித்துப் பேசியபடி குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ரஞ்சனி தரையில். கன்னியப்பன் கையில் அம்மிக்குழவி.

இறங்கியது. சத்தமில்லை.

ரஞ்சனியின் வாய் விரிந்தது. மறுபடி இறங்கியது. பல் தெறித்து நிலாவின் காலடியில் விழுந்தது.

நிலா கத்தினாள். தொண்டை கிழிந்தது. ஒன்றும் வரவில்லை. குழாய்ப் பக்கம் திரும்பி வாயை இன்னும் திறந்தாள்.

“இன்னாடி, பட்டப்பகல்லயே கொட்டாவி வுடுற?” என்றாள் பக்கத்துவீட்டு அமிர்தவல்லி.

உள்ளே அக்காவின் விரல்கள் தரையைப் பிறாண்டின. பிறகு நின்றன. வாய் மட்டும் திறந்தே இருந்தது.

கன்னியப்பன் குழவியை அம்மியின் மேல் வைத்தான். கையை லுங்கியில் துடைத்தான். அமிர்தவல்லி குடத்தை நகர்த்தி வழிவிட்டாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.