முதல் குழியில் இருந்த சிப்

காலை மணி 8.40. குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் எடுக்கும் அந்தச் சின்ன ஸ்டூடியோவின் சர்வர் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தது. மூடியைக் கழற்றினார்கள். உள்ளே மூளையாக இருக்க வேண்டிய பிராசஸர் சிப்கள் இரண்டு. ஒன்று, சூடு தணிக்கும் அலுமினியப் பாளத்துக்கு அடியில் மறைந்திருந்தது. இன்னொன்று இருந்த குழி வெறிச்சென்று கிடந்தது.

9.25-க்குப் பெண் சப் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது, திருடன் யார் என்று முதலாளி முடிவே கட்டியிருந்தார். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஸ்க்ரூ அண்ணன்தான் என்றார். சட்டைப் பையில் எந்நேரமும் ஸ்க்ரூ டிரைவர் குத்தி வைத்திருப்பதால் வந்த பெயர் அது.

சர்வர் அறைச் சாவி வராந்தா ஆணியில்தான் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் வியாழன்தோறும் மாலை மெஷினை நிறுத்தித் தூசி தட்டுகிறவர் அண்ணன் ஒருவர்தான் என்பது முதலாளியின் வாதம். புகார் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் பதினான்கு வருட வேலை அன்றைக்கே போய்விடும். ஐம்பத்து மூன்று வயதில், திருடன் என்ற பெயரோடு அவரை யார் சேர்த்துக்கொள்வார்கள்? எஸ்.ஐ.க்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. முதலில் ஸ்க்ரூ அண்ணனைக் கூப்பிட்டார்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"நேத்து ஆறு மணிக்கு."

"அப்ப ரெண்டும் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

"போன ஒரு வாரத்துல இந்த மெஷினைப் பத்தி யாராவது உங்ககிட்ட விசாரிச்சாங்களா?"

அதுவரை டக்டக்கென்று பதில் சொன்னவர், இப்போது தரையைப் பார்த்தார். ஞாபகமில்லை என்றார். எந்த மேசைக்கு எந்த வருடம் எந்தக் கம்பியை மாற்றினோம் என்று ஒப்பிக்கிற மனிதருக்குப் போன வாரப் பேச்சு ஞாபகமில்லையாம். எஸ்.ஐ. அதைக் குறித்துக்கொண்டார்.

மணி 10.05. அடுத்து ஓவியர், பட்டப்பெயர் பென்சில். வீட்டில் தானே பாகம் பாகமாகக் கம்ப்யூட்டர் சேர்த்து விடிய விடிய கேம் ஆடுகிறவர் என்று முதலாளி போட்டுக் கொடுத்திருந்தார். நீங்கள் ஏன் எடுத்திருக்கக்கூடாது என்று எஸ்.ஐ. நேராகவே கேட்டார். பென்சில் சிரித்துவிட்டார்.

"எடுத்து என்ன பண்றது மேடம்? சர்வர் சிப்புக்குள்ள முப்பத்திரண்டு பேர் வேலை பாக்கறாங்கன்னு வைங்க. ஒவ்வொருத்தரும் நிதானம். ஆயிரம் படத்தைப் பங்கு போட்டு முடிக்க அதுதான் சரி. டெஸ்க்டாப் சிப்புல ஆள் கம்மி, ஆனா ஒவ்வொருத்தரும் ஓட்டக்காரர். கேமுக்கு எனக்கு அதுதான் வேணும். திருடறதா இருந்தா பக்கத்துலயே கிராபிக்ஸ் கார்டு இருக்கே, அதைத் தூக்கியிருப்பேன்."

"ஒண்ணைத்தானே எடுத்திருக்காங்க. மிச்சம் ஒண்ணை வெச்சு மெஷின் ஓடாதா?"

"முதல் குழி காலியானா எழும்பவே எழும்பாது. ரெண்டாவதுல இருந்ததை எடுத்திருந்தா அது பாட்டுக்கு ஓடியிருக்கும், கொஞ்சம் மெதுவா. ஒரு வாரம் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

மணி 10.30. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில் ஒலிப்பதிவுக்காரி உட்கார்ந்திருந்தாள். இரவு தூங்காத கண்கள். கைப்பை மடியிலேயே இருந்தது. தனக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும், அந்த மெஷினைத் திறந்து பார்த்ததே கிடையாது என்றாள்.

"அது எனக்கு எதுக்கு மேடம்? உள்ளங்கை அகலம் இருக்கு. சாதாரண கம்ப்யூட்டர்ல உட்காரவே உட்காராது."

எஸ்.ஐ. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். விடை கிடைத்தும் மனசு லேசாகவில்லை.

மணி 11.05. எல்லோரையும் ஒலிப்பதிவு அறைக்கே வரவழைத்தார். அண்ணன் எடுத்திருந்தால் இரண்டாவது குழியில் கை வைத்திருப்பார், ஒரு வாரம் நிம்மதியாக இருந்திருப்பார் என்றார். பென்சிலும் அப்படியே. முதலாவதைப் பிடுங்கியவருக்கு ஸ்க்ரூ கழற்றத் தெரியும், மெஷினைத் தெரியாது. பெரிய சிப் என்றால் வேகமான சிப் என்று நம்பியவர்.

"இங்க இருக்கிற சிப் பாளத்துக்கு அடியில இருக்கு. அது எவ்வளவு அகலம்னு நானே பார்க்கலை. மெஷினைத் திறந்தே பார்க்கலைன்னு சொன்ன நீங்க அளவு சொன்னீங்கம்மா. வீட்டுக் கம்ப்யூட்டர்ல வெச்சுப் பார்த்தவங்களுக்குத்தான் அது உட்காராதுன்னு தெரியும்."

ஒலிப்பதிவுக்காரி கைப்பையைத் திறந்தாள். குழந்தையின் பழைய துண்டில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். காலையில் யாரும் வருமுன் திருப்பி வைத்துவிடலாம் என்று ஓடி வந்தாளாம். முதலாளி முந்திக்கொண்டு வந்திருந்தார்.

அவள் கணவர்தான் இந்த ஸ்டூடியோவின் கார்ட்டூன் கரடிக்கு நாலு வருடம் குரல் கொடுத்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. பழைய ஒலிப்பதிவுகளை வைத்து, அவர் தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசும்படி வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஒரு வரி பேச அது ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது.

"பாப்பாவுக்கு நாலு வயசு மேடம். கேள்வி கேக்கறா. அவர் பதில் வர்றதுக்குள்ள எழுந்து போயிடறா. அவர் குரல் காலி அறையில பேசுது."

ஸ்க்ரூ அண்ணன் தொண்டையைச் செருமினார். எந்த சிப் பெரியது என்று போன வாரம் அவள் கேட்டபோது, இந்தக் கட்டிடத்திலேயே இதுதான் என்று பீற்றிக்கொண்டது அவர்தான். காலியான குழியைப் பார்த்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் சொல்லலை? உங்க வேலை போயிருக்குமே."

"எனக்கு ஸ்க்ரூ டிரைவர் இருக்கு மேடம், எங்கயாவது பொழைச்சுக்குவேன். அவ போனா அந்த வீடு என்ன ஆகும்?" பிறகு அவளிடம் திரும்பினார். "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல. ஒரு வரிங்கறது ஒருத்தர் பண்ற வேலைம்மா. முப்பத்திரண்டு நிதானக்காரங்க எதுக்கு? ஓடற ஆள் ஒருத்தன் போதும்."

முதலாளி புகாரை நாலாக மடித்து, பிறகு கிழித்தார். கரடியின் குரல் போனதிலிருந்து ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது. ஸ்க்ரூ அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்க முடியாமல் மன்னிப்புக் கேட்டார். மூலையில் சும்மா கிடந்த வேகமான டெஸ்க்டாப்பைக் கொண்டுபோய் அவள் வீட்டில் மாட்டச் சொன்னார்.

ஞாயிறு, காலை மணி 11. வழக்கு எதுவும் இல்லை. ஆனாலும் விசாரணை முழுமையாக வேண்டும் என்று தனக்குத் தானே சாக்கு சொல்லிக்கொண்டு எஸ்.ஐ. அந்த வீட்டு வாசலில் நின்றார். அண்ணன் மேசைக்கு அடியில் கடைசிக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மீன் தூங்குமா?"

அப்பா தட்டினார். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் கரடியின் குரல் வந்தது.

"தூங்கும். கண்ணை மூடாமலே தூங்கும்."

குழந்தை எழுந்தது. ஒலிப்பதிவுக்காரி கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை நேரே போய் அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்தது.

"அப்ப அது முழிச்சிருக்குன்னு எப்படித் தெரியும்?"