விசிறி திரும்பிய பக்கம்

குமுதா கண் விழித்தபோது விசிறி அவள் பக்கம் திரும்பியிருந்தது.

வேறு வீடுகளில் இது ஒரு விஷயமே அல்ல. இந்த வீட்டில் அந்த விசிறி மடிக்கணினிக்குச் சொந்தமானது. லோகேஸ்வரன் விளையாட உட்கார்ந்தால் அது கூடத்து மேசையைப் பார்த்துத்தான் நிற்கும். கிராஃபிக்ஸ் கார்டின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தொட்டால் அவன் வாயில் கெட்ட வார்த்தை வரும். கணினியின் உள்ளே இருக்கும் சின்ன விசிறிகள் மேடேறும் லோரியைப்போல ஊளையிட, அவள் படுக்கையறையில் வேர்வையில் புரள்வாள். கல்யாணமான இந்த இரண்டு வருடத்தில் அந்த ஊளையிலேயே தூங்கவும் பழகிவிட்டாள். இப்போது அந்த ஓசை இல்லை. மழை விட்ட அந்தி நேரம். பின்புறச் செம்பனை மரங்களுக்கிடையில் தவளைகள் கத்துவதும், ஈர மண்ணோடு கலந்து வரும் எண்ணெய் ஆலையின் புளித்த வாடையும், கூடத்தில் அவன் விசைகளைத் தட்டும் சத்தமும் மட்டும் அறைக்குள் வந்துகொண்டிருந்தன. அவன் விளையாடிக்கொண்டுதான் இருந்தான். கணினி மூச்சுகூட விடவில்லை.

சூட்டுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகப் போன வாரம் சொன்னான். சபாக்கில் இருக்கும் அவன் கூட்டாளி ஜாரெட் சொல்லிக்கொடுத்த வழியாம். மடிக்கணினியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கணினிச் சில்லின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன பழைய பசையைச் சுரண்டி எடுத்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

"குமு, புதுப் பேஸ்ட்ட நீ தடவு. உன் விரலுதான் மெலிசு."

அவள் மடிக்கணினியைத் தொட்டாலே முன்பெல்லாம் கத்தியவன். சாம்பல் நிறப் பசையை அவள் சிரித்துக்கொண்டே விரலால் பரப்பினாள். சில்லு குளிர்ந்திருந்தது. விரலை எடுக்கும்போது கொஞ்சம் ஒட்டிப் பிடித்தது.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டெங்கி இல்லை. அங்கே இருந்தவரை உடம்பில் சூடே இல்லை. செகிஞ்சானில் அவள் வேலை செய்யும் மீன் உருண்டைத் தொழிற்சாலையிலும் நன்றாகத்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்து, அவன் விளையாட உட்கார்ந்த பிறகுதான் ஏறும். ஆனால் காய்ச்சல் அவனை அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தது. ஆட்டத்தின் நடுவில் எழுந்து வந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். தண்ணீர் குடித்தாயா என்று கேட்டான். தொழிற்சாலையில் சொன்னபோது பக்கத்தில் நிற்கும் அன்பரசி பெருமூச்சு விட்டாள்.

"எனக்கும் ஒரு காய்ச்சல் வந்தா தேவல லா. எம்புருஷன் நான் செத்தாக்கூட டிவில பந்தாட்டம் முடிஞ்சுதான் எந்திரிப்பான்."

குமுதா அன்று முழுவதும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவன் வந்தான். கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. குனிந்து புறங்கையை அவள் நெற்றியில் வைத்தான்.

"எப்படி இருக்கு?"

"எரியுதுங்க. கிளினிக் போலாமா?"

"இன்னிக்கு ஃபைனல்மா. முடிஞ்சதும் போலாம், சரியா? அப்படியே படு."

கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு கிளிக். அடுத்த மூச்சில் அவள் உள்ளங்காலிலிருந்து சூடு கிளம்பி, முதுகெலும்பு வழியாகப் பிடரிக்கு ஏறியது. கண்ணிமைகளின் உட்புறம் சுட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கிளிக். மறுபடியும் காலிலிருந்து.

தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த கிளிக்குக்குக் காத்திருந்தாள்.

வந்தது. சூடும் வந்தது.

காய்ச்சல் கம்பியை அக்குளில் வைத்து எடுத்தாள். நாற்பது. அதைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கு நடந்தாள். சிமெண்டுத் தரை குளிர்ந்திருக்க வேண்டும். பாதம் பட்ட இடமெல்லாம் வெதுவெதுத்தது. லோகேஸ்வரன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். காதை மூடிய ஹெட்செட். திரையில் வெடிப்பும் புகையும். மூலையில் சூட்டைக் காட்டும் பச்சை எண்.

நாற்பது.

இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு, இவ்வளவு ஓவர்க்ளாக் செய்து வேகம் ஏற்றிய கார்டுக்கு, நாற்பது. கை நீட்டி மடிக்கணினியின் விளிம்பைத் தொட்டாள். குளிரறையில் அடுக்கிய மீன் போலச் சில்லிட்டிருந்தது.

அவன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல ஜாரெட், இவ தாங்குவா. சின்ன வயசுதானே... டேய், உங்கம்மாவுக்கு நாப்பதோட நிறுத்துன்னு அப்பவே சொன்னேன்டா. வயசானவங்க. நீதான் ராங்க் ஏறணும்னு ஏத்திட்டே இருந்த."

போன மாதம் இருவரும்தான் சபாக்குக்குப் போனார்கள். ஜாரெட்டின் அம்மா பிளோரன்ஸ் சவப்பெட்டியில் கிடந்தார். என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜாரெட் அழுதான். லோகேஸ்வரன் அவன் தோளைப் பிடித்தபடி வெகுநேரம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

"இப்ப யாரும் இல்லன்னா என்னா? நீயும் கல்யாணம் பண்ணிக்க லா," என்றான் லோகேஸ்வரன் மைக்கில். சிரித்தான்.

குமுதாவின் கையிலிருந்து கம்பி நழுவி அவன் காலில் விழுந்தது.

அவன் திரும்பினான். திடுக்கிடவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவன் கை நெற்றிக்கு வந்துவிட்டது. தொட்டான். திரை மூலையைப் பார்த்தான். இரண்டும் ஒத்துப்போவதைச் சரிபார்ப்பவனைப்போலத் தலையசைத்தான். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணைப் பார்த்தான்.

"நானாங்க?" என்றாள். "நான் செத்துருவேன்ங்க."

"சும்மா இரு குமு. நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்?"

கணினியை மூடக் கையை நீட்டினாள். முழங்கால் மடிந்தது. தரையில் விழவிடாமல் பிடித்துக்கொண்டான். கல்யாணத்தன்றுகூட அவளை அப்படி ஏந்தியதில்லை. தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினான். தோளுக்கடியில் ஒரு தலையணை. முழங்காலுக்கடியில் ஒன்று. முதுகுக்குக் கீழே காற்று போக இடம் விட்டு. விசிறியின் வேகத்தைக் கூட்டினான். பிறகு கூடத்துக்குப் போய் மடிக்கணினியை எடுத்துவந்து அவள் இடுப்போரம் மெத்தையில் வைத்தான். மெத்தையில் வைத்தால் காற்றுத்துளை அடைத்துக்கொள்ளும் என்று ஒருநாளும் வைக்காதவன்.

"உன் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்," என்றான். குரலில் உண்மையான கனிவு இருந்தது.

கத்தினாள். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து அனல்தான் வந்தது.

நாற்பத்தொன்று.

ஒரு சின்னத் துண்டை நனைத்துப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டான். தண்ணீர் சுர்ரென்றது. துண்டு காய்ந்தது. எடுத்தான். நனைத்தான். போட்டான்.

"ரெடி மச்சான்," என்றான் மைக்கில்.

கிளிக்.

அவள் விரல்கள் அசையவில்லை. கண் மூடவில்லை. தவளைகளின் சத்தம் எங்கோ தூரம் போனது. துண்டு மறுபடியும் காய்ந்து, ஓரம் பழுப்பாகி, மொடமொடவென்று அவள் நெற்றியிலேயே கிடந்தது. லோகேஸ்வரன் ஒரு கையால் விளையாடினான். மறு கையின் புறத்தை அவள் கன்னத்தில் வைத்தபடியே இருந்தான், எடுக்காமல், மெல்ல வருடிக்கொண்டு, திரை வெளிச்சம் முகத்தில் பச்சையாய் அடிக்க, எண்ணை மட்டும் பார்த்தபடி.